பெண்கள் பக்கம் ஒரு டிக்கெட்

கல்யாணமாகித் திருச்சிக்கு வரும்வரை எனக்குச் சினிமா என்றால் கூடாரம்தான். வையம்பட்டிக்கு மேற்கே இருந்த எங்கள் ஊருக்கு அறுப்பு முடிந்த பிறகு டூரிங் டாக்கீஸ் வரும். காய்ந்த வயலில் கூடாரம் அடிப்பார்கள். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்வோம். என்ன படம் கொண்டுவந்தார்களோ அதுதான் படம். எங்கே போய்ப் பார்ப்பது என்று யாரும் யோசித்ததில்லை.

திருச்சியில் அதற்குத்தான் முதல் யோசனை. ஸ்ரீரங்கத்திலேயே ஒரு கொட்டகை இருந்தது. எங்கெங்கோ ஓடித் தேய்ந்த பிரதிகள் அங்கே வரும். மெயின்கார்டுகேட் பக்கம் ஒன்றிரண்டு. பாலக்கரையில் ஒன்று. ஜங்ஷன் பக்கம் இங்கிலீஷ் படம் போடுகிற கொட்டகை தனி. இவை போதாதென்று நான் வந்து சில வருஷங்களில் பால்கனியும் மெத்தை நாற்காலியுமாகப் புதிதாக ஒரு பெரிய தியேட்டர் கட்டினார்கள். சினிமா விளம்பரத் தட்டி கட்டிய மாட்டுவண்டி மேளம் அடித்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் வரும். நோட்டீஸைப் பொறுக்கி வந்து படிப்பேன். படத்தின் பெயரைவிடக் கீழே எந்தக் கொட்டகை என்று போட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஏனென்றால் என் வீட்டுக்காரர் அப்படித்தான் பார்ப்பார்.

அவருக்கு ஜங்ஷனில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக வாடகைக்கு இருந்தோம். காலையில் ஜங்ஷன் பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எங்கள் இரண்டு குடும்பமும் விவசாயக் குடும்பம். நான் பிறந்த வீட்டில் வாய் ஓயாது. மாடு கன்றைக்கூட நாலு வார்த்தை பேசாமல் கட்டமாட்டோம். அவரோ கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். கோபக்காரர் இல்லை. என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியபின் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருப்பேன். சாலையில் குதிரைவண்டி போகிற சத்தம் கேட்கும். அதுதான் எங்கள் வீட்டின் பேச்சு.

முதல்முறை என்னைக் கூட்டிக்கொண்டு போனது தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய கொட்டகைக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் நான் அவர் சட்டையைப் பார்த்தபடியே நடந்தேன். டிக்கெட் வாங்கிவந்து ஒன்றை என் கையில் கொடுத்தார்.

“அந்த வாசல் வழியா போ. பொம்பளைங்க பக்கம். முடிஞ்சதும் இந்த சோடாக்கடைக்கிட்ட நிக்கிறேன்.”

“நீங்க?”

“நான் இந்தப் பக்கம்.”

எங்கள் ஊர்க் கூடாரத்திலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். ஆனால் நடுவில் ஒரு கயிறுதான் இருக்கும். என் பக்கத்தில் அம்மா இருப்பாள், தங்கைகள் இருப்பார்கள். இங்கே நடுவில் இடுப்பளவுக்குச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் இருந்த ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் பக்கத்தில் மடியில் குழந்தையோடு இருந்த அம்மாள் வேர்க்கடலையை நீட்டிவிட்டுக் கேட்டாள்.

“தனியாவா வந்தே?”

“இல்லீங்க. வீட்டுக்காரரு அந்தப் பக்கம் இருக்காரு.”

அந்த ஒரு பதிலை அதற்குப் பிறகு எத்தனையோ பெண்களிடம் எத்தனையோ கொட்டகைகளில் சொல்லியிருக்கிறேன்.

விளக்கு அணைந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீடிப் புகை மிதந்து வரும். ஆண்கள் விசிலடிப்பார்கள். இங்கே குழந்தைகள் அழும், யாராவது ஒருத்தி கதையை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் இல்லாத சத்தம் எல்லாம் அங்கே இருந்தது. இடைவேளையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மா, வாய் நிறைய வெற்றிலையோடு, ஒரு கலர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“வாடாமல்லிக் கலர் பொடவை, புதுப்பொண்ணு யாரும்மா? உன் வீட்டுக்காரரு குடுக்கச் சொன்னாரு. குடிச்சிட்டு பாட்டிலைத் திருப்பிக் குடுத்துரு கண்ணு.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கத்தில் முழுவதும் குடிக்க முடியவில்லை. சுவருக்கு மேலாக அவரைத் தேடினேன். ஆண்கள் தலைகளுக்கு நடுவே எது அவர் தலை என்று தெரியவில்லை. வீடு திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

“படம் எப்படி இருந்துச்சு?”

“பரவால்ல.”

காவிரிப் பாலம் முழுவதும் கடக்கும்வரை நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

மூன்றாவது வருஷம் நான் உண்டானேன். ஏழாம் மாதம் முடிந்ததும் அம்மா வந்து ஊருக்கு அழைத்துப்போவதாக இருந்தது. அதற்கு முன்பாகவே ஒருநாள் விடியற்காலையில் வலி வந்துவிட்டது. குதிரைவண்டி பிடித்து, பிறகு ஒரு டாக்ஸியில் மாற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்குக் காய்ச்சலும் வந்து நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது என் வயிறு தட்டையாக இருந்தது. பக்கத்தில் தொட்டில் இல்லை. நர்ஸம்மா என் நெற்றியில் கை வைத்து, “பொண்ணு. தங்கலம்மா. நீ பொழச்சதே பெருசு,” என்றாள்.

நான் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, அவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கதறினேன். அவர் என் கையைக்கூடப் பிடிக்கவில்லை. “தண்ணி குடிக்கிறியா?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபின் அம்மா கொஞ்சநாள் வந்து இருந்துவிட்டுப் போனாள். பக்கத்துப் போர்ஷனில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் இருந்தது. கோயில் காரியம், திருப்பாவை என்று இருக்கிற வைஷ்ணவர்கள். அந்த மாமி தினமும் கோயிலிலிருந்து வந்ததும் எங்கள் வாசலில் நின்று துளசி தருவாள்.

“வாய்விட்டு அழுதுடு. உள்ளே வச்சுக்காதே. பெருமாள் பார்த்துண்டுதான் இருக்கார்,” என்பாள். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, “ஏண்டியம்மா, உங்காத்துக்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கலையே. புருஷாளுக்கு மனசு கல்லுதான் போலிருக்கு,” என்றாள்.

மாமி சொல்வதற்கு முன்பே நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல ஆபீஸுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த ஒன்றில் நான் மட்டும் தனியாக இருந்தேன். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு அவ்வளவு தனியாக இருக்கமுடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

தீட்டெல்லாம் கழிந்து, உடம்பு தேறி, சில மாதங்கள் போனபின் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொன்னார்:

“சினிமாவுக்குப் போலாமா?”

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் அந்த அறையில் இன்னொரு சாயங்காலம் உட்கார்ந்திருப்பதைவிட மேல் என்று கிளம்பினேன்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு படம் என்று ஆகிவிட்டது. மேட்னி இருந்தால் மேட்னி, இல்லாவிட்டால் சாயங்கால ஆட்டம். எந்தப் படமானாலும் அவருக்குச் சம்மதம். கொட்டகையில்தான் கண்டிப்பு. நடுவில் சுவர் இருக்கிற பழைய கொட்டகைகளுக்குத்தான் போவார். தெப்பக்குளத்துக் கொட்டகை, இல்லையென்றால் பாலக்கரை. புதிய தியேட்டரில் ஒரு நல்ல படம் வந்து, தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அங்கே மேல் வகுப்பில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்காரலாம், தலைக்கு மேல் விசிறி சுற்றும் என்று சொன்னார்கள்.

“அங்க ஒரு தடவ போலாமே,” என்றேன்.

“அங்க திரை ரொம்பப் பெருசு. கண்ணு வலிக்கும்.”

இன்னொரு முறை கேட்டபோது பஸ் சரியாக இல்லை என்றார். அங்கே போகிற பஸ்ஸில்தான் அவர் தினமும் ஆபீஸுக்குப் போய்வந்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்படி நினைக்க ஒரு சம்பவமும் நடந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்தப் பெண் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராம்.

“நாங்க பால்கனிக்குப் போறோம் சார். நீங்களும் வாங்களேன், நாலு பேருமா சேந்து உக்காரலாம்,” என்றார் வந்தவர்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமலே சொன்னார். “இல்ல சார். இவளுக்குக் கூட்டம்னா ஆகாது. நீங்க போயிட்டு வாங்க.”

எனக்குக் கூட்டம் ஆகாது என்று எப்போது சொன்னேன்? பெண்கள் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து படம் பார்க்கிறவள் நான். பட்டிக்காட்டுப் பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் உட்கார அவருக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போகிறார். அன்றைக்குப் பார்த்த படம் எனக்கு நினைவில்லை. அந்தப் பெண்ணின் கைக்கடிகாரம் மட்டும் நினைவிருக்கிறது.

இப்படியே இரண்டு மூன்று வருஷம். குழந்தை பிறகு தங்கவே இல்லை. சந்தில் இருந்தவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். வாரம் ஒரு தடவை அவர் அந்த வாசல் வழியாகவும் நான் இந்த வாசல் வழியாகவும் இருட்டுக்குள் போனோம். இடைவேளையில் கலர் வருவது மட்டும் நிற்கவில்லை. சில நாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். விளக்கு எரிகிற நேரத்தில் அவர் தன் இடத்தில் இருக்கவே மாட்டார். வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பார். அவ்வளவு புழுக்கத்தில் யார்தான் கழுவமாட்டார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்துக் கொட்டகையில் மேட்னிக்குப் போனோம். குடும்பப் படம். பெண்கள் வரிசை தெருமுனைவரை நின்றது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அவர் ஆண்கள் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

“பொம்பளைங்க டிக்கெட் தீந்துபோச்சு. அடுத்த வாரம் வரலாம்.”

டிக்கெட் ஜன்னல்காரர் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்தே கூப்பிட்டார். “சார், சேர் இருக்கு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலயே உக்காரலாம்.”

அந்தக் கொட்டகையில் பின்னால் சேர் வகுப்பு என்று ஒன்று உண்டு. சுவர் அதற்கு முன்பே முடிந்துவிடும். அத்தனை நாளும் அங்கே நாங்கள் உட்கார்ந்ததே இல்லை.

“வேணாம். வா, போலாம்,” என்றார்.

“ஏன் வேணாம்?”

“அடுத்த வாரம் வரலாம்னு சொல்றேன்ல.”

“நான் வரல. படம் பாத்துட்டுத்தான் வருவேன். நான் பக்கத்துல உக்காந்தா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா?”

தெருவில் நின்று நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் வெளிறிப்போனது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்கிறாள் இவள் என்று உண்மையிலேயே விளங்காத பார்வை. பிறகு போய் இரண்டு சேர் டிக்கெட் வாங்கி வந்தார்.

கல்யாண மணையில் உட்கார்ந்த பிறகு ஊர் முன்னிலையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நாற்காலிக் கைப்பிடி ஒன்றுதான் நடுவில். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார், நானும் மடியில் வைத்துக்கொண்டேன். நியூஸ் ரீல் ஓடியது. எங்கோ அணை கட்டினார்கள், யாரோ ரிப்பன் வெட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஜெயித்துவிட்ட சந்தோஷம். அப்படியே தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்புக் காட்சி வந்தது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அப்பா தன் சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடப் பார்க்கிறார். ஒரு பக்கம் பின்னினால் இன்னொரு பக்கம் அவிழ்ந்துகொள்கிறது. ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு அவர் படுகிற பாட்டைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் அவர் தோளும் குலுங்கியது. அட, இவர்கூடச் சிரிக்கிறாரே என்று திரும்பினேன்.

அவர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்துகொண்டிருந்தது. சத்தம் வரக் கூடாது என்று மூச்சையே பிடித்துவைத்துக்கொண்டு, முன் நாற்காலியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளை தேம்புவதைப் போலத் தேம்பினார்.

தொடலாம் என்று கையை எடுத்தேன். அவர் உடம்பு அப்படியே சுருங்கியது. கையை மடிக்கே கொண்டுவந்துவிட்டேன். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இடைவேளை வந்தது. அவர் வரவில்லை. விளக்கு அணைந்தபின் வருவார் என்று வாசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வரவில்லை. தாமதமாக உள்ளே வந்த ஒருவர் குனிந்து கேட்டார், “அம்மா, இந்த சீட்டு காலியா?”

“இல்லீங்க. ஆளு இருக்கு,” என்றேன்.

படம் முடியும்வரை காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவர் பின்னால் போகவேண்டும் என்று தோன்றியது. போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரையில் என்னென்னவோ நடந்தது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பழைய படங்கள் எல்லாம்தான் மனத்தில் ஓடின. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷமாக இவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அவர் தெப்பக்குளத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கழுவி, தலையைக்கூட நனைத்துச் சீவியிருந்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியபின்னும் நிற்காமல் நடந்தார். நானும் கேட்காமல் கூடவே நடந்தேன். சிந்தாமணி தாண்டிப் பாலத்தில் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் பாதி, மணல் பாதி. பாலத்தின் நடுவுக்கு வருவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை.

“எப்பவுமே அழுவீங்களா?”

கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார். “ஆமா.”

“எல்லாப் படத்துலயுமா?”

“கொழந்த வந்தா. வராட்டியும் சில சமயம். இருட்டுல யாருக்கும் தெரியாதுல்ல.”

“ஆஸ்பத்திரியில அழலியே. வீட்டுல ஒரு நாளும் அழலியே. நான் உங்களக் கல்லுன்னு நெனச்சேன்.”

அவர் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார். எதிர்க்கரை இல்லை, நாங்கள் விட்டுவந்த திருச்சிக் கரை.

“அந்தா, ஓயாமாரி சுடுகாட்டத் தாண்டி ஒரு நாணல் தெரியுது பாரு. அங்கதான் கொண்டுபோனேன். கூட யாரையும் கூப்புடல. துணியில சுத்திக் குடுத்தாங்க. கனமே இல்ல. பஸ்ல போறப்ப வர்றப்ப அந்தப் பக்கம் பாக்க முடியல. உங்கிட்ட வந்து என்னன்னு சொல்றது?”

அத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய அதிகமான வார்த்தைகள் அவைதாம். பஸ்கள் எங்களை உரசிக்கொண்டு போயின. நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். கேட்க வேறு யாரும் எனக்கு இல்லை. எங்கள் சொந்தத்தில் அவளைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“யாரு மாதிரி இருந்துச்சு?”

“நெத்தி உன்னோடது. முடி நெறைய இருந்துச்சு. சுருட்டையா.”

எங்கள் வீட்டில் யாருக்கும் சுருட்டை இல்லை. அவர் அம்மாவுக்கு உண்டு. நான் நாணலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கி அங்கே போகலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். அதற்குப்பின் வந்த வெள்ளத்தில் கரையே மாறிவிட்டதாம். எது அந்த இடம் என்று அவருக்கே நிச்சயமில்லையாம். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். அன்று அவர் சாப்பிடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு தடவை பேசிவிட்டால் அதற்குப்பிறகு பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பது கதையில்தான். அவர் மறுநாள் பழையபடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். நோட்டீஸை என்னிடம் கொடுத்து, “நீ சொல்லு, எங்க போலாம்?” என்று கேட்டார். புதிய தியேட்டருக்கே கூட்டிப்போகத் தயாராக இருந்தார் என்று குரலில் தெரிந்தது.

“பாலக்கரைக்கே போலாம்,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

பால்கனியில் அவர் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த ஆசை போய்விடவில்லை. ஆனால் அவருக்கென்று அழ ஓர் இடம் இருந்தது, அதை நான் ஒருமுறை பிடுங்கிவிட்டேன். இன்னொரு முறை வேண்டாம். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் குழந்தை வரும்போதெல்லாம் சுவரைப் பார்ப்பேன். இப்போது அழுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நானும் அழுவேன். பக்கத்தில் இருக்கிறவள் கதைக்கு அழுகிறேன் என்று நினைத்து முந்தானையை நீட்டுவாள். எங்கள் மகளுக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அப்படித்தான், நடுவில் ஒரு செங்கல் சுவரோடு. அது போதுமானதாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவ்வளவுதான் கிடைத்தது.

அறுபதுகளின் பின்பாதியில் ஒவ்வொரு கொட்டகையாகச் சுவரை இடித்தார்கள். பெஞ்சை எடுத்துவிட்டு நம்பர் போட்ட நாற்காலி போட்டார்கள், விசிறி மாட்டினார்கள். குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள். பாலக்கரையிலும் இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட வாரம் அவர், “நீ போயிட்டு வா. எனக்குத் தலவலி,” என்றார். அடுத்த வாரம் கால் வலி. அதற்கடுத்த வாரம் காரணம் சொல்லவில்லை.

நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். ஸ்ரீரங்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாகச் சினிமாவுக்குப் போவது சாதாரணமில்லை. மாமியே, “தனியாவா போறே? நன்னாருக்காடி இது?” என்று கேட்டாள். எந்தத் தியேட்டர் என்பதை இப்போது நான்தான் முடிவு செய்யவேண்டும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அதிகம் நடக்கக் கூடாது. வாசலில் வெட்டிக்கூட்டம் நிற்கக் கூடாது. பெண்களுக்குத் தனி ஜன்னல் இருக்கவேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பவேண்டும். இத்தனையும் பார்த்தபின் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். அங்கே என்ன படம் ஓடினாலும் அதுதான் நான் பார்க்கிற படம். பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். என்னைச் சுற்றிப் புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பொட்டலத்திலிருந்து பக்கோடா எடுத்துத் தின்பார்கள். இடைவேளையில் எனக்கு எதுவும் வேண்டியிருக்காது.

அப்படி ஒரு மேட்னி முடிந்து வீட்டுக்கு வந்த சாயங்காலம். அவர் உலை வைத்து இறக்கி, சோற்றை வடித்து வைத்திருந்தார். நான் போகிற நாள்களில் அவர் சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கால் கழுவிவிட்டு வந்தேன்.

“என்ன கத?” என்று கேட்டார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு படத்தைப் பற்றி அவர் என்னைக் கேட்டதில்லை. நான் குழம்பைச் சூடு பண்ண அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன், அவரும் எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். யார் யார் நடித்தது, யார் என்ன புடவை கட்டியிருந்தாள், எங்கே எல்லாரும் சிரித்தார்கள் எல்லாம் சொன்னேன். கதையில் ஒரு குழந்தை காணாமல் போகிற இடம் வந்தது. அதை விட்டுவிட்டுத் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தாண்டவில்லை. திருவிழாக் கூட்டத்தில் கை நழுவுகிறது, தகப்பன் பைத்தியம்போல் ஓடுகிறான், ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்க்கிறான் என்று மெதுவாகச் சொன்னேன்.

கட்டில் மெல்ல அசைகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. விறகைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் காட்சியின் மீதியை அப்படியே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். குழம்பு கொதித்து வந்தது. இறக்கி வைத்துவிட்டு, அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வரும்வரை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.